மேகத்துக்குள் கோவிந்தன் ஓட்டிய நேரம்

ஐப்பசி 9, வியாழன். விழுப்புரம்.

விடாத மழை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சு, ஈர வாடை. எனக்கு முழங்கையில் தையல், அவ்வளவுதான். சிநேகிதன் கோவிந்தனுக்கு வலது கால் நசுங்கிவிட்டது.

நேற்று ஃப்ளையிங் கிளப் ஏரோப்ளேனை ஓட்டியது அவன். நான் முன் ஸீட். அங்கிருந்தும் ஓட்டலாம். திண்டிவனம் தாண்டியதும் மேகம். பெருமுக்கல் மலையே காணோம். "என்கிட்ட குடுடா" என்று கத்தினேன். கொடுக்கவில்லை. நன்றாகத்தான் ஓட்டினான், மடையன். கிளியனூரில் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகள் மேல் இறக்கும்போது வரப்பு தட்டியது.

தரை தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட எனக்கு அனுமதி உண்டு, அவனுக்கு இல்லை. அனுமதி இல்லாதவன் மேகத்தில் ஓட்டிய நேரம் லாக் புக்கில், பறந்த மணிக் கணக்கில், சேராது. லைசென்சும் போகும்.

மாலை, கோ.: "நீ ஓட்டினதா உன் லாக் புக்குல எழுதிக்கோடா. லைசென்சு போச்சுன்னா நான் என்னாடா பண்ணுவேன்?"

எழுதினால் விபத்து என் தலையில்.

10, வெள்ளி.

மழை. வாங்க: பஞ்சு, ரொட்டி, பிளேடு. பிளேடு மறந்தேன்.

ஓமந்தூரிலிருந்து கோ.வின் அப்பா. நனைந்த வேட்டி, தூக்கில் கேப்பைக் கூழ். "யாருங்க தம்பி ஓட்டினது?"

"நான்தாங்க." வாய் முந்திக்கொண்டது.

அவர் கூழை ஊற்றி எனக்கும் நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

நர்ஸ், கம்பவுண்டரிடம்: "காலு கறுத்துக்கினு வருது. டாக்டர ஜல்தியா வரச் சொல்லு."

11, சனி.

முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

13, திங்கள்.

மழை விட்டது. ஒரே கொசு. கோ. இன்றுதான் தெளிவாகப் பேசினான்.

"நீ ஓட்டினதா அப்பாருகிட்ட சொன்னியாமே."

"நீதானடா கேட்ட."

"இனிமே லைசென்சு எதுக்குடா? என் புக்க எடு. நான் ஓட்டினேன்னு எழுது. மேகத்துல ஓட்டினதயும் சேத்து எழுது."

"கணக்குல சேராதுடா. கிளப்புல கோடு போட்டு அடிச்சிடுவாங்க."

"அடிக்கட்டும். அப்பாருக்குக் கேக்குறாப்பல படிச்சிக்கினே எழுது."

அவருக்கு எழுத்து தெரியாது. கட்டில் ஓரம் வந்து நின்றார். உரக்கப் படித்துக்கொண்டே எழுதினேன். ஓட்டியவர், கோவிந்தன். சென்னை முதல் திண்டிவனம் வரை தெளிவு. பிறகு கிளியனூர் வரை மேகம், தரை தெரியவில்லை. ஓட்டியவர், அவரே.

"கண்ணு தெரியாமயா ஓட்டிக்கினு வந்தான்?"

"ஆமாங்க."

மகனைப் பார்த்தார். கால் இல்லாத பக்கம் போர்வையை இழுத்துவிட்டார்.

"இன்னொருவாட்டி படிங்க தம்பி."