றாக்கையோடு வந்தவள்

ஜனவரி 11, 2025, சனி

மொன்றியலுக்குப் பக்கத்தில், லவாலில், செல்லப்பிராணிக் கடை ஒன்றை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு என் பலசரக்குக் கடையில் சாமான் அடுக்க றாக்கை எடுக்கப் போனேன். ஆறு இரும்பு றாக்கைகள், நல்ல கனம். கடைக்காரன் விலையில் இறங்க மாட்டேன் என்று நின்றான். கடை மூடுகிறவனிடம் பேரம் பேச ஒரே வழிதான்: வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். நின்றேன். கடைசியில் மூலையைக் காட்டி, விலை குறைக்க முடியாது, வேண்டுமென்றால் இதையும் கொண்டு போ என்றான். ஆள் இடுப்பு உயரத்தில் ஒரு வலைக்கூடு, இரண்டு விளக்கு, உள்ளே ஒரு பச்சோந்தி. மற்றதெல்லாம் விற்றுப்போய் இது மட்டும் நின்றுவிட்டதாம். ஆண், ஒரு வயது என்றான். கூட்டோடு விற்றால் றாக்கைக் காசில் பாதி திரும்பும். தலையாட்டினேன்.

வெளியே மைனஸ் பதினெட்டு. வான் வண்டி சூடாக நேரம் எடுக்கும். சரக்கு விறைத்துச் செத்தால் நட்டம் எனக்குத்தானே. துணிப்பையில் போட்டு, ஜக்கெட்டுக்குள் வைத்து ஸிப்பை இழுத்தேன். கர்க்லாண்டில் வீடு வரும்வரை நாலு கால் என் நெஞ்சைப் பிடித்தபடி இருந்தது. ஒரு மாதிரித்தான் இருந்தது.

ஜனவரி 12

சிவநேசத்திடம் நல்ல பேச்சு வாங்கினேன். கட்டின நாளிலிருந்து பல்லியைக் கண்டாலே அறையை விட்டு ஓடுகிறவள்.

"கடைச் சாமானை வீட்டுக்குக் கொண்டு வராதேங்கோ எண்டு எத்தினை வருசமாச் சொல்லுறன். இப்ப ஓணானைக் கொண்டந்திருக்கிறியள்."

"ஓணான் இல்லையப்பா, பச்சோந்தி."

"ஓம், உங்கட ஆக்கள்தான். பாத்தாலே தெரியுது."

ஒரு கிழமை தவணை தந்திருக்கிறாள். மகன் டிலக்ஷன் ஒட்டாவாவுக்குப் போனபிறகு மேலே அவன் அறை சும்மாதானே கிடக்கிறது, கூட்டை அங்கே வைத்தேன். விளம்பரமும் போட்டாயிற்று.

ஜனவரி 15

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். நாலு நாளாகத் திரும்பியும் பார்க்கவில்லை. போனில் தேடிப் பார்த்தால், இது கிண்ணத்தில் குடிக்காதாம். இலையில் நிற்கிற துளியைத்தான் நக்குமாம். பச்சைத் தண்ணீரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒரு சீவன் தாகத்தில் இருந்திருக்கிறது! கடையில் கொத்தமல்லிக்குத் தண்ணீர் அடிக்கிற போத்தலைக் கொண்டு வந்து கூட்டுக்குள் நிற்கிற செம்பருத்திச் செடியின் இலையெல்லாம் நனைய அடித்தேன். ஒரு கண் என்னைப் பார்த்தது, மற்றக் கண் இலையைப் பார்த்தது. பிறகு மெல்ல வாயைத் திறந்து குடித்தது.

நின்று பார்த்துக்கொண்டிருந்ததில் கடைக்குப் பிந்திப் போனேன்.

ஜனவரி 19, ஞாயிறு

வாங்க ஒரு பிள்ளை வந்தது. கயல், சென்னைப் பக்கம், கோட்-டெ-நெய்ஜில் என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்து படிக்கிறாள். முன்பும் வளர்த்தவளாம். கூட்டைச் சுற்றி ஒரு தரம் வந்தாள்.

"அங்கிள், பின்னங்கால் தெரியற மாதிரி கொஞ்சம் திருப்புங்க." திருப்பினேன். "ஆணுன்னா குதிகால்ல சின்னதா முள்ளு மாதிரி ஒண்ணு இருக்கும். இதுக்கு இல்லையே. இது பொண்ணு அங்கிள்."

"பொம்பிளை எண்டா என்ன பிள்ளை, விலையைக் குறைச்சுத் தாறன்."

"விலை இல்ல அங்கிள். பொண்ணுன்னா பாத்துக்கறது கஷ்டம். எக்ஸாம் டைம்ல என்னால முடியாது. நீங்க நல்லா படிச்சுப் பாத்துக்கோங்க."

என்ன கஷ்டம் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கடைக்காரன் என் தலையில் கட்டிவிட்டானே என்ற கோபம்தான் முன்னுக்கு நின்றது. முப்பது வருட வியாபாரத்தில் கத்தரிக்காயைக் கூடத் திருப்பிப் பார்க்காமல் வாங்கினதில்லை நான்.

ஜனவரி 26

கையில் பூச்சியைப் பிடித்து நீட்டினேன். ஒரு முழம் தூரத்திலிருந்து நாக்கு வந்து எடுத்துக்கொண்டு போனது. விரலில் பட்டது தெரிந்தது! கிரிக்கெட் என்கிற சில்வண்டுப் பூச்சியைக் கல்சியத் தூளில் பிரட்டிக் கொடுக்க வேண்டும். பொரிக்கிற மீனை மாவில் பிரட்டுகிற மாதிரித்தான். பத்தும் தின்னும், பதினைந்தும் தின்னும். வாயைப் பார்த்தால் இல்லையென்று சொல்ல மனம் வருமா? எங்கள் வீட்டுக்கு வந்த யாரும் பசியோடு போனதில்லை.

சிவநேசம் வாசலில் நின்றபடி, "துரைச்சாமிக்கு இண்டைக்கு என்ன சமையல்?" என்றாள். துரைச்சாமி இல்லை, துரைசாணி என்றேன். உள்ளே வரவில்லை. தவணை முடிந்ததைப் பற்றியும் பேசவில்லை.

பெப்ரவரி 3

விளம்பரத்துக்கு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பதில் போடவில்லை. இன்னும் கொஞ்சம் உடம்பு வைத்தால் நல்ல விலைக்குப் போகும்.

பெப்ரவரி 12

மூன்று நாளாகச் சாப்பாடு இல்லை. பூச்சி முகத்தில் ஏறி நடக்கிறது, கண்டுகொள்ளவில்லை. கூட்டை மேலும் கீழும் சுற்றுகிறது, நிலத்தைப் பிறாண்டுகிறது. பச்சை போய் ஒரே கறுப்பு, நடுவில் மஞ்சள் புள்ளி. வயிறு மட்டும் ஊதியிருக்கிறது.

விற்றுத் தொலைத்திருக்கலாம். ஏன் விற்கவில்லை?

பெப்ரவரி 14

நேற்றுப் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. இன்று வழி வெட்டிக்கொண்டு அதை மிருக வைத்தியரிடம் கொண்டு போனேன். இந்த வகைச் சீவன்களையெல்லாம் பார்க்கிறவர், பெயர் கத்தரின். எவ்வளவு சாப்பாடு கொடுக்கிறாய் என்று கேட்டார். நாளுக்குப் பதினைந்து என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏன்?"

"விரும்பிச் சாப்பிடுது."

இரண்டு நாளுக்கு ஒருமுறை நாலைந்து போதுமாம். எக்ஸ்ரேயைக் காட்டினார். வயிறு முழுக்க முட்டை, திராட்சைக் குலை மாதிரி. ஆண் இல்லாமலே முட்டை வருமாம், சாப்பாடு கூடக் கூட முட்டையும் கூடுமாம். நான் கடையில் பெட்டி பெட்டியாக முட்டை விற்கிறவன். அதெல்லாம் சேவல் கண்ட கோழி இட்டதா? எனக்கே இது தெரிந்திருக்க வேண்டாமா?

மண்ணைத் தோண்டித்தான் இடுவாளாம். கூட்டில் மண் இல்லை. அதனால் உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறாள். வியாழன் வரை பார், இடாவிட்டால் அறுவைதான், இந்த நிலையில் அவள் தாங்குவாள் என்று சொல்ல மாட்டேன் என்றார். வாசல் வரை வந்து இன்னொன்றும் சொன்னார்: அவள் தோண்டும்போது யாரும் பார்க்கக் கூடாது. பார்க்கிறது தெரிந்தால் விட்டுவிடுவாள்.

சாப்பாட்டைக் கொடுத்துக் கொடுத்தே கொல்லப் பார்த்திருக்கிறேனே. வேறென்னத்தைச் சொல்ல.

பெப்ரவரி 15

பெப்ரவரியில் மொன்றியலில் மண்ணுக்கு எங்கே போவது? கடைகளில் கிடப்பதெல்லாம் பனியில் வழுக்காமல் படிக்குப் போடுகிற மண், உப்புக் கலந்தது. தெரிந்த களஞ்சியக்காரன் ஒருவனைப் பிடித்து, பிள்ளைகள் விளையாடுகிற மண் இரண்டு மூட்டை எடுத்தேன். கோடைக்கு வைத்திருந்ததாம். ஆழமான வெள்ளைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரை ஊற்றினேன். சேறாகிவிட்டது.

"தள்ளுங்கோ." சிவநேசம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். "வைத்தியர் என்ன சொன்னவ?"

"பிடிச்சா நிக்க வேணுமாம், தண்ணி ஒழுகக் கூடாதாம்."

"அதைச் சொல்லுறதுக்கு என்ன. புட்டுக்கு மாக் குழைக்கிற பதம்."

மிச்ச மண்ணைக் கொட்டி, தெளித்துத் தெளித்துப் பிசறினாள். ஒரு பிடி பிடித்துக் காட்டினாள், பிடி நின்றது. விரலால் தட்டினாள், உதிர்ந்தது. அவளுக்கு மேலே இரண்டடியில் பச்சோந்தி தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தாள். ஓடவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

மறுபடியும் பனிப்புயல், கார் எங்கே நிற்கிறதென்றே தெரியவில்லை. மத்தியானம் பச்சோந்தி, கூட்டடியில் வைத்த அந்த மண் தொட்டிக்குள் இறங்கினாள். மண் பறக்கிற சத்தம் கேட்டது. ஒரு விரற்கடை கதவைத் திறந்து பார்த்தேன், ஒரு விரற்கடைதான். அந்தக் கண் என் பக்கம் திரும்பியது. ஏறிப் போய்விட்டாள்.

பெப்ரவரி 17

கடையில் காசு வாங்குகிற அஞ்சலீனாவின் வாய்க்குப் பூட்டே இல்லை. ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. சுகமில்லாதவரைப் பார்க்கப் போகாவிட்டால் எங்கள் ஆட்களுக்கு நித்திரை வராது. இந்தப் பனிக்குள்ளும், கடைக்கு வழக்கமாக வருகிற பேரின்பநாதன் அண்ணை திராட்சைப்பழத்தோடு வந்து நிற்கிறார்.

"பிள்ளைத்தாச்சியாம் எண்டு கேள்விப்பட்டன். எங்க ஆள்?"

வந்தவரை எப்படித் திருப்பி அனுப்புவது? மேலே கூட்டிக்கொண்டு போனேன். பின்னாலேயே அஞ்சலீனா. ஓரட்டறி மாதா கோயிலில் வாங்கின புனித எண்ணெயைக் கையோடு கொண்டு வந்திருக்கிறாள். "ஒரே ஒரு சொட்டு, அண்ணை. வயித்தில வைக்கட்டே?" வேண்டாம் என்று கும்பிட்டேன்.

பச்சோந்தி தொட்டிக்குள் பாதி இறங்கியிருந்தாள், வால் மட்டும் வெளியே. அண்ணை குனிந்து, "முக்குறாளோ?" என்று கேட்டார். பின்னுக்கு வந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். கொம்பில் ஏறினாள். கரி மாதிரி இருந்தாள்.

இரண்டு குழி தோண்டி இரண்டையும் விட்டுவிட்டாள். இன்னும் மூன்று நாள்.

பெப்ரவரி 18

இன்று கடை முடிந்து வந்தால், அறைக்குள் சுவரிலிருந்து சுவருக்குக் கயிறு. கட்டில் விரிப்பு இரண்டைக் கூட்டுக்கு முன்னால் நிலம் வரை தொங்கவிட்டிருக்கிறாள் சிவநேசம். கதவடியில் கதிரை போட்டு அவளே இருக்கிறாள்.

"இனி ஒருத்தரும் உள்ள போகேலாது. நீங்களும்தான்."

"அண்ணை பாவம், பார்க்கத்தானே வந்தவர்..."

"பாக்கிறதுதான் வருத்தம்!" இவ்வளவு பலத்துக் கத்தி நான் கேட்டதில்லை. "டிலக்ஷன் பிறக்கேக்க எட்டுப் பேர் நிண்டு பாத்தவை, தெரியுமே? படிக்கிற பெடியள். பிரெஞ்சில கதைச்சுக் கதைச்சுக் குனிஞ்சு பாத்தவை. பாக்கட்டோ எண்டு ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்ல. கேட்டாலும் எனக்கு விளங்கியிராது. பிள்ளை வாறன் எண்டு நிக்குது, எனக்கு வெக்கத்தில வயிறு இறுகிப் போச்சு. அந்தப் பெடியளைக் கலைச்ச பிறகுதான் பிறந்தவன்."

அன்று என்னை ஆஸ்பத்திரி விறாந்தையில் நிறுத்தியிருந்தார்கள். வெள்ளைக் கோட்டுகள் வரிசையாக உள்ளே போவதைப் பார்த்து, எத்தனை டொக்டர்மார் பார்க்கிறார்கள் என்று பெருமைப்பட்டேன். ஊருக்கு அப்படித்தான் கடிதமும் போட்டேன்.

"ஏன் ஒரு நாளும் சொல்லேல்ல?"

"என்னத்தைச் சொல்லுறது. எல்லாரும் அந்தப் பெருமையைத்தானே கதைச்சனீங்கள்."

கதிரையில் ஆடாமல் இருந்தாள். கீழே போய்த் தேத்தண்ணீர் போட்டு வந்து அவள் கையில் கொடுத்தேன். குடித்தாள்.

பெப்ரவரி 19

பார்க்காமல் இருப்பது எனக்கு வராத வேலை. கடையில் நாலு மூலைக்கும் காமரா பூட்டியிருக்கிறவன் நான். ஒன்றைக் கழற்றிக்கொண்டு வரட்டோ என்று கேட்டேன். "காமராவும் கண்தான்" என்றாள்.

இரண்டு பேரும் படியில் இருந்தோம். டிலக்ஷன் போன் பண்ணினான். "அப்பா, சீரியஸா? நீங்க ரெண்டு பேரும் என்ட ரூமுக்கு வெளியில காவல் இருக்கிறீங்களா?" ஓம் என்றேன். சிரிக்கத் தொடங்கினவன், அம்மாவின் குரலைக் கேட்டதும் நிறுத்திவிட்டான்.

உள்ளே மண் சத்தம். நிற்கும். பிறகு தொடங்கும். நிற்கும்போதெல்லாம் சிவநேசம் என் முழங்கையைப் பிடித்தாள்.

எழுந்து போய்ப் பார்க்கவில்லை. இரண்டு பேருமே போகவில்லை.

பெப்ரவரி 20, வியாழன்

இட்டுவிட்டாள்!

மத்தியானமாகியும் ஒரு சத்தமும் இல்லை. வைத்தியரைக் கேட்டுவிட்டு விரிப்பை விலக்கினோம். விளக்கடியில், கொம்பில், வயிறு ஒட்டிப்போய், ஒரு சுருங்கின கையுறை மாதிரிக் கிடந்தாள். ஆனால் பச்சை. இளம் பச்சை. தொட்டியைப் பார்த்தால் குழியே இல்லை, மூடித் தட்டிச் சமப்படுத்தி வைத்திருக்கிறாள். சிவநேசம் கரண்டியால் மெல்லக் கிளறினாள். வெள்ளை வெள்ளையாக, விரல் நுனி அளவில், அறுபதுக்குக் கிட்ட. இந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவுமா?

இலையில் தண்ணீர் அடித்தேன். குடித்தாள், குடித்தாள், நிறுத்தவேயில்லை.

நான் படியில் போய் இருந்துவிட்டேன். கடையைத் திறக்கவில்லை. பிறகு வைத்தியர் கத்தரினுக்குச் சொன்னேன். அறுவைக்குக் குறித்த நேரத்தை வெட்டிவிட்டேன் என்றார்.

பின்னேரம் வீடெல்லாம் மிளகும் சீரகமும் வறுக்கிற வாசம். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற சரக்குக் கறி. "அவளுக்குத் தின்னேலாது. வேற ஆர் இருக்கினம், நீங்கள் தின்னுங்கோ" என்றாள். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

பெப்ரவரி 22

நாலு பூச்சி. ஐந்தாவதைக் கேட்டாள். கொடுக்கவில்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

மார்ச் 9

கயல் எழுதியிருக்கிறாள்: டோர்வலில் ஒரு சிநேகிதி, விமான நிலையத்தில் வேலை, பெண்ணென்றாலும் பரவாயில்லையாம், முழு விலையும் தருவாளாம். விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கே அங்கிள் என்று கேட்டிருந்தாள்.

சிவநேசத்திடம் சொன்னேன். வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல், "வேணுமெண்டா றாக்கையை வில்லுங்கோ" என்றாள்.

மார்ச் 22, சனி

காலையில் எழும்பினால் வீடு கழுவிக் கிடக்கிறது, அடுப்பில் வடை. என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"முப்பத்தொண்டு. உங்களுக்கு என்ன தெரியும்." சுவர்க் கலண்டரில் பெப்ரவரி இருபதைச் சுற்றிச் சிவப்புக் கோடு. பிள்ளை பெற்ற வீட்டுத் துடக்கு, அந்தத் தீட்டு, முப்பத்தோராம் நாள் கழிவதாம். எல்லாருக்கும் அவளே போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள்.

பேரின்பநாதன் அண்ணை இந்த முறை அப்பிள் கொண்டு வந்தார். அஞ்சலீனா எண்ணெயைக் கைப்பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. கயலும் வந்தாள். படியில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, சத்தம் போடக் கூடாது என்று சொல்லித்தான் சிவநேசம் கூட்டிக்கொண்டு போனாள். விரிப்பை ஒரு பக்கம் தூக்கினாள்.

செம்பருத்தி ஒன்று பூத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் அவள்.

"நல்லா தேறிட்டா அங்கிள்" என்றாள் கயல், காதுக்குள்.

"மெலிஞ்செல்லோ போனாள்" என்றார் அண்ணை. "சாப்பாடு வடிவாக் குடுக்கிறேல்லையோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தக் கண் ஒரு சுற்றுச் சுற்றி எங்களைப் பார்த்தது. முதுகில் மெல்லிசாக ஒரு கறுப்பு ஓடத் தொடங்கியது. சிவநேசம் விரிப்பை விட்டாள்.

"போதும். பாத்தது காணும். எல்லாரும் கீழ வாங்கோ, வடை ஆறுது."

எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.