ஈரச் சேலைக்குக் கொடுக்காத கவர்

ஆவணி 6, சனி.

பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்ததிலிருந்து, மிச்சமிருந்ததைக் கல்லாவுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறேன். இன்று தீர்த்தமாடிவிட்டு வந்த பரமக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, என் சங்குக் கடையில் ஒரேயொரு பாசிமாலை வாங்கினாள். ஈரச் சேலையை வைக்கக் கவர் கேட்டாள்.

"தடை போட்டுட்டாகம்மா. குடுத்தா எனக்கு அபராதம்" என்று பழைய பேப்பரை நீட்டினேன். அது நனைந்து கிழிந்தது. சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசலில் பஸ்ஸுக்கு நின்றாள்.

அடுத்து காரில் வந்தவர்கள் பெரிய சங்காக நாலு எடுத்துக்கொண்டு கவர் கேட்டார்கள். குனிந்தேன். அதற்குள் அவள் உள்ளே வந்து அவர்களிடம், "கவர் கேக்காதீக. பாவம், அண்ணனுக்கு அபராதம் போட்டுருவாக" என்றாள்.

நிமிர்ந்தேன். கையில் கவர்.

தப்புச் செய்தவள்போல அவள்தான் தலையைக் குனிந்துகொண்டாள்.