சின்னதாய்த் தட்டிய மாகூதா

என் வீட்டுக்காரருக்கு,

அகாதிர் போய்ப் பொட்டலத்தைப் பிரித்ததும் ரொட்டிக்கு அடியில் இந்தக் கடிதம் கிடைத்திருக்கும். நோன்பு திறந்துவிட்டுப் படியுங்கள்.

நேற்று மாகூதா பொரித்தோமே, அதைப் பற்றித்தான். கல்யாணமான நாளிலிருந்து அடுப்படிக்குள் கால் வைக்காத நீங்கள், மசித்த உருளைக்கிழங்கில் பூண்டும் கொத்தமல்லியும் போட்டுப் பிசைந்தீர்கள். உள்ளங்கையில் எண்ணெய் தொட்டுத் தட்டினீர்கள். ஒன்றுகூட விரிசல் விடவில்லை.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"லாரிக்காரன் கை எல்லாத்தையும் தானா கத்துக்கும்டி" என்று சிரித்தீர்கள்.

பக்கத்து வீட்டு ருக்கையா, "குடுத்து வச்சவ நீ. என் வீட்டுக்காரரு தண்ணிகூட மொண்டு குடிக்க மாட்டாரு" என்று பொருமிவிட்டுப் போனாள். எனக்கோ, சுமை இறக்கிய பிறகும் நீங்கள் அகாதிரிலேயே நாள்கணக்கில் தங்கிவிடுவது ஞாபகம் வந்தது.

மிளகாய் சேர்ப்பதற்கு முன்பே ஒரு பிடி தனியாக எடுத்தீர்கள். அதை மட்டும் ஒரு சின்ன வாய்க்கு அடங்குகிற மாதிரி தட்டினீர்கள். பிறகு நான் பார்ப்பதைப் பார்த்ததும், சட்டென்று எல்லாவற்றோடும் சேர்த்துப் பிசைந்துவிட்டீர்கள்.

நம் வீட்டில் காரம் ஆகாதவர் யாரும் இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு தொட்டிலும் கட்டவில்லை.

நான் சண்டைக்கு வரவில்லை. பொட்டலத்தின் ஓரத்தில், தனித்தாளில், காரமில்லாமல் சின்னச் சின்னதாகப் பொரித்து வைத்திருக்கிறேன். அவை உங்களுக்கு இல்லை. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அந்தக் குழந்தையின் பெயரை மட்டும் எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
இன்றுவரை உங்கள் மனைவி