இடப்பக்கக் கதவு

தாம்பரம் பஸ் ஸ்டாண்டு ஓரமாக ஒருத்தன் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான். வாளியில் மைதாப் பசை. அந்த வாடை மூக்கில் ஏறியதுமே உன்மேல் பழைய எரிச்சல் வந்துவிட்டது மச்சான். போய்ச் சேர்ந்தவனைத் திட்டக் கூடாதாம். நீ செய்த வேலைக்குத் திட்டாமல் வேறென்ன செய்வது?

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல உன் மகள் எழுதுகிறாள். அது நடந்தது தொண்ணூறு, தொண்ணூற்றொன்றாம் வருஷம் இருக்கும். அவள் கல்யாணத்துக்கு முந்தைய நாள்.

"வாடகைக் கார்ல எம்பொண்ணு சர்ச்சுக்குப் போவாது" என்று ஒரே பிடியாக நின்றாய். சரி. உன் வெள்ளை அம்பாசடர் நன்றாகத்தான் ஓடியது. ஜன்னலைச் சுற்றியிருந்த கறுப்புப் பட்டைதான் உரிந்து சொறி பிடித்தாற்போல் இருந்தது. பெயிண்டரிடம் கொடு என்றேன். கேட்டாயா? வாசலில் நிறுத்தி நீயே பிரஷ்ஷை எடுத்தாய். கதவில் கறுப்பு வழியாமல் மறைக்க டேப் வாங்கி ஒட்டு என்றால், பழைய செய்தித்தாளை மைதாப் பசை தடவி ஒட்டினாய்.

"டேப்பு எதுக்கு மச்சான்? தண்ணி ஊத்தினா உரிஞ்சிகினு வந்துடும்."

காகிதம் வந்தது. எழுத்து வரவில்லை. வெயிலில் காய்ந்த இடப்பக்கக் கதவு முழுக்க அச்செழுத்து.

"இன்னா எழுதிக்கீது, படி" என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாய். "எல்லாம் இடம் வலமா மாறிக்கீது. புரியல."

"அப்போ இன்னிக்கு நீயும் என்னாட்டம்தான்."

நீ சிரிக்கவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தாய். வேண்டாம், வேண்டாம் என்று கத்தினேன். புதுக் கறுப்பும் கரைந்து கதவெல்லாம் ஈஷிக்கொண்டது. அப்புறம்தான் தரையில் உட்கார்ந்து, "சம்பந்தி முன்னால எப்டிடா நிப்பேன்?" என்றாய்.

மறுநாள் நானே ஓட்டினேன். வீட்டில், சர்ச்சில், மண்டபத்தில், எங்கே நிறுத்தினாலும் இடப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். முன்னே போய், பின்னே வந்து, சட்டையெல்லாம் வியர்வை. "டிரைவர் புதுசா?" என்று உன் சம்பந்தி கேட்டார். நீ பக்கத்தில் நின்றுகொண்டு ஆமாம் என்று தலையை ஆட்டினாய்!

மகளுக்குத் தெரியாது என்று கடைசிவரை நம்பினாய். இதோ, எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொல்கிறாள்: "அப்பா தேய்ச்சதையும் நீங்க கத்தினதையும் ஜன்னல்லேர்ந்து பாத்தேன் மாமா. அப்பா மூஞ்சி வாடிடும்னுதான் நான் அந்தப் பக்கமே வரல."

இப்போதும் பேரன் காரை நிறுத்தும்போது, "இடப்பக்கம் சுவத்தோட ஒட்டுடா" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. "ஒரு கீறல்கூட இல்ல தாத்தா, எதை மறைக்கிறே?" என்று எரிந்து விழுகிறான்.

உன் கதவுக்கு இன்னும் நான்தான் திட்டு வாங்குகிறேன் மச்சான்.