மூன்றாம் பாட்டின் உறுமல்

அன்புள்ள வாரன்,

உன் அம்மா இல்லாத உங்கள் வீட்டு வாசலில் விற்பனைப் பலகையைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத வரவில்லை.

நம் குழுவின் முதல் கேசட்டை மறுபடி வெளியிடக் கேட்கிறார்கள். நம் கொலம்பஸ் ஊரில் பாதிப் பேர் வீட்டு அடித்தளத்தில் ஓட்டை ரெக்கார்டரை வைத்துக்கொண்டு நம்மைப் போலவே கரகரவென்று ராக் வாசித்தார்களே, அந்தக் காலத்துக் கேசட். மூன்றாம் பாட்டின் உறுமலை, 'மூடிய ஆலைகளின் ஓலம்' என்று பத்திரிகையில் எழுதினார்கள். அது நாம் வாசிக்கும்போது உங்கள் அடித்தளத்தில் ஓடிய அம்மாவின் துணி உலர்த்தும் இயந்திரம். நாமும் வாய் திறக்காமல் தலையாட்டினோம்.

பிறகு உன் பிடிவாதத்தால் நல்ல ஸ்டூடியோவுக்குப் போனோம். இரைச்சல் போனது, கேட்க வந்தவர்களும் போனார்கள். மற்ற குழுக்களும் அதே வழியில் போய் ஒவ்வொன்றாக அடங்கின. நானும் உன்னோடு பேசுவதை விட்டேன்.

இப்போது அந்த மூன்றாம் பாட்டை யாரோ இரைச்சல் நீக்கிச் சுத்தம் செய்து அனுப்பியிருக்கிறார்கள். திட்டுவதற்காகவே கேட்டேன். உறுமல் இருந்த இடத்தில் ஒரு பெண்குரல். துணி மடித்துக்கொண்டே அம்மா நம்மோடு பாடுகிறார். "இதெல்லாம் ஒரு பாட்டாடா? நாய்க்கு வயித்துவலி வந்தா இப்படித்தான் கத்தும்" என்று படியில் நின்று திட்டியவருக்கு எல்லா வரியும் மனப்பாடம். நீ மறந்து விழுங்கிய வரியைக்கூட அவர் விடவில்லை.

சுத்தமான ஒலிக்கு முதன்முறையாக நன்றி சொல்கிறேன். உனக்கும்தான்.

தனியாகக் கேட்காதே. வீடு கைமாறும் முன் அடித்தளத்துக்கு வா, நானும் வருகிறேன். டிரம்ஸ் கொண்டுவர மாட்டேன். அம்மா பாடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் அதிகம் சத்தம் போட்டவள்