உன் மகளின் வீட்டுப் பெயர்

எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நேரில் பேசும்போதே பாதியை விழுங்கிவிடுகிறவள் நான். இப்போது நீ இல்லாத பிறகு கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் மகள் தன் கம்பளித் தொப்பியை இன்று வகுப்பில் மறந்துவிட்டுப் போய்விட்டாள். நல்லதண்ணியில் நீ கடை போட்டு விற்றாயே, அதே சிவப்புத் தொப்பி. மேசையில் கிடக்கிறது. கற்பூரமும் விறகுப் புகையும் இன்னும் அதில் மணக்கின்றன.

முதலாம் தரத்தில் அவள் என்னிடம்தான் படிக்கிறாள். காலையில் பிள்ளைகளிடம், வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். குட்டி, அம்மு, தொப்பையன் என்று ஒவ்வொன்றாக வந்தது. உன் மகள் எழுந்து நின்று, "கள்ளத்தோணி" என்றாள். அவ்வளவு பெருமையாக.

அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் பாடம் நடத்திக்கொண்டிருந்த மூத்த ஆசிரியை எட்டிப் பார்த்தார். "ச்சீ! அப்படிச் சொல்லக் கூடாது புள்ள. அது நம்மள ஏசுற வார்த்த." அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல்லை அவர் எத்தனை இடத்தில் கேட்டிருப்பாரோ.

அனுமதியில்லாமல் தோணியேறி, ஒளிந்து கடல் கடந்து வந்தவர்களுக்கு வைத்த பெயர் அது. பிறகு தோணியைக் கண்ணாலும் காணாத, இந்தத் தேயிலை மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் மீதும் அதை எறிந்தார்கள். நம் மீதும்.

ஹட்டன் துணிக்கடை நினைவிருக்கிறதா? வாங்கப் போவதில்லை என்று தெரிந்தும், பள்ளிச் சீருடையோடு நின்று தீபாவளிச் சட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். "கள்ளத்தோணிகளுக்கு இங்க என்ன வேல?" என்றார் கடைக்காரர். நான் தரையைப் பார்த்தேன். நீ அவரைப் பார்த்தாய்.

"ஹட்டனுக்குத் தோணி வராதுங்க மொதலாளி. நாங்க பொகவந்தலாவ பஸ்ல வந்தோம்."

துணி மடித்துக்கொண்டிருந்த பெண் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நீயும் சிரித்தாய். ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த உன் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நீ கல்யாணம் முடித்து மலையடிவாரத்து நல்லதண்ணியில் யாத்திரைப் பருவக் கடை போட்டாய். ஒரு விடுமுறையில் உன்னைப் பார்க்க வந்த என்னை, சாமி கும்பிட மலைக்கு இழுத்துக்கொண்டு போனாய். நல்ல வெயில். எப்போதும் எனக்கு முன்னால் ஓடுகிறவள், அன்று படிக்குப் படி உட்கார்ந்தாய். வழியில் வாந்தி வேறு. "வெறும் வயித்துல தேத்தண்ணி குடிச்சா இப்படித்தான்" என்று பெரிய மனுஷி மாதிரி நான் சொன்னேன். நீ வாயும் வயிறுமாக இருந்தது நம் இருவருக்குமே தெரியாது.

அடுத்த மாதம் போனில் உன் சத்தம் விடுதி முழுக்கக் கேட்டிருக்கும். "ஒரு வார்த்த சொல்லாம, டிக்கட்டும் எடுக்காம, எங்கூடவே மலையேறி சாமி கும்புட்டுட்டு எறங்கியிருக்குடி! கள்ளத்தோணி!"

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. "ஒனக்கு அந்தத் துணிக்கட ஞாபகம் வரலியா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு. வரட்டுமே. எத்தன நாளைக்கு அவங்க மட்டுமே சொல்லிக்கிட்டு இருப்பாங்க?"

பிறந்த பிறகும் அதே பெயர்தான். தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "தூங்குடி என் கள்ளத்தோணி" என்பாய். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பாய். போன மழைக்காலத்துக் காய்ச்சலில் நீ கண் மூடும் வரை அவளுக்கு அதுதான் பெயர்.

இன்று பள்ளி விட்டதும் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். கையிலிருந்த தொப்பியை மேசையில் வைத்தாள்.

"டீச்சர், அப்ப அம்மா என்னைய ஏசுனாங்களா?"

அவளை மடியில் உட்கார வைத்து மலையேறிய கதையைச் சொன்னேன். வாந்தியையும் விடவில்லை.

"நானும் ஏறுனேனா?"

"ஏறுன. ஒங்கம்மாதான் தூக்கிக்கிட்டு ஏறுனா. யாருக்கும் தெரியாம உள்ள ஒளிஞ்சுக்கிட்டு வந்த."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உன் சிரிப்பேதான். பிறகு, "இப்ப யாருமே என்னைய அப்படிக் கூப்புடுறது இல்ல டீச்சர்" என்றாள். அவள் அப்பா கொழும்பில் வேலையில் இருக்கிறார். அத்தை முழுப்பெயர் சொல்லித்தான் அழைக்கிறாள். அந்த அத்தை கேட்டுக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்ததும், தொப்பியை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் எப்படிச் சொல்வது? வெளியே அந்தச் சொல் இன்னும் வசவுதான். ஒரு நாள் பஸ்ஸிலோ கடையிலோ அவள் காதிலும் அது விழும். அப்போது துணிக்கடையில் நீ சொன்ன பதிலை அவளுக்குச் சொல்லித்தருவேன். நடுங்கிய கையையும் சொல்வேன். இரண்டுமே என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அதற்கு முன்பு அந்தப் பெயர் அவளுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும்.

அதற்காகத்தான் எழுதினேன். நாளைக் காலை மற்றப் பிள்ளைகள் உள்ளே போன பிறகு, தொப்பியை அவள் தலையில் மாட்டி, காது வரை இழுத்துவிட்டு, உன்னைப் போலவே கடைசி எழுத்தை இழுத்து, ஒரே ஒரு தடவை நான் அவளை அப்படிக் கூப்பிடட்டுமா?