ஒரு சொட்டு சிவப்பு

ஜூன் 4

மகாராணிக்கு,

நான் நலம். உன் நலத்தை நீ சொன்னால்தானே எனக்குத் தெரியும்? போன் அடித்தால் எடுப்பதில்லை. மகள் அடித்தால் மட்டும் முதல் மணியிலேயே எடுக்கிறாயாம். தபால்காரரை உன்னால் கட் பண்ண முடியாது என்றுதான் இதை எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு பில் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று கம்பெனி விற்பனைப் பையன் கடைக்கு வந்தான். நீ இருக்கும் ஊருக்கும் சரக்கு கொடுக்கப் போகிறவன். டீயை உறிஞ்சிக்கொண்டே, "அண்ணே, அண்ணியை அங்க ஒரு பெயிண்ட் கடையில பார்த்தேன். ஷேட் கார்டைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரமா நின்னுக்கிட்டு இருந்தாங்க" என்றான். கடையில் அப்போது நாலு பேர் இருந்தார்கள். உடைந்த மூக்கை இன்னும் ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறேன். பெயிண்ட் கடைக்காரன் பெண்டாட்டி போயும் போயும் இன்னொருத்தன் கடையில் பெயிண்ட் வாங்குவதா?

நீ வேலை பார்க்கும் பல் செட் கூடத்தின் புதுக் கிளைக்கு ஆள் கேட்கிறார்கள், மறுக்க முடியவில்லை, ஒரு வருஷம்தான் என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் தலையாட்டினேன். ஒரு வருஷம் இருந்துவிட்டு வரப் போகிறவள் அங்கே சுவருக்கு எதற்குப் பெயிண்ட் அடிக்கிறாள்? அதுதான் எனக்குப் புரியவில்லை. நேற்றிலிருந்து கல்லாவில் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நிறம் வேண்டுமென்றால் என்னிடம் கேள். எதுவானாலும் கலந்து லாரியில் ஏற்றி அனுப்புகிறேன். கோபமாக எழுதிவிட்டேனோ என்னவோ. வீடு அப்படியே இருக்கிறது. கடைச் சாப்பாடுதான்.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 12

பெயிண்ட் கடை முதலாளிக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் மூக்குக்கு நேர்ந்த கதிக்கு வருந்துகிறேன்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷத்துக்கு வந்தவள்தான். ஆனால் அந்த ஒரு வருஷமாவது, யாரோ வேண்டாம் என்று தள்ளிய நிறத்துக்குள் இல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன்.

தையல் கடைக்கு மேலே ஒரே அறை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், கை கழுவும் தொட்டி. வீட்டுக்காரம்மா சாவியைக் கொடுக்கும்போது, "சுவரு வெறும் சுண்ணாம்புதான். உங்களுக்குப் பிடிச்ச கலரை அடிச்சுக்கோங்க" என்றார். சந்தோஷமாகக் கிளம்பிப் போனேன். கடையில் நின்ற பெண் கேட்டாள்: "உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும் மேடம்?" அவள் நீட்டிய கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெயிண்ட் கடைக்காரரோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு எது பிடிக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை. உங்கள் விற்பனைப் பையன் பார்த்தது அந்தக் கோலத்தைத்தான். கார்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பிடிக்காதவை மட்டும் மளமளவென்று நினைவுக்கு வந்தன. நம் சமையலறையின் செங்கல் பழுப்பு, யாரோ இரும்புக் கதவுக்குச் சொல்லிவிட்டுத் திருப்பியது. குளியலறை ரோஸ், அழகு நிலையம் திருப்பியது. கூடத்தில் ஜன்னல்வரை ஒரு பச்சை, ஜன்னலுக்குக் கீழே இன்னொரு பச்சை, ஏனென்றால் டப்பா அங்கே தீர்ந்துபோனது. வருகிறவர்களிடமெல்லாம் "இதுதான் இப்ப ஸ்டைல்" என்று வாய் கூசாமல் சொன்னீர்கள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். கலவை தப்பிப்போய்த் திரும்பி வந்த டப்பாக்கள் எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் நம் வீடு. ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டு: "இந்தத் தடவை இருக்கிறதை அடிச்சுடுவோம், அடுத்த தடவை உனக்குப் பிடிச்சது."

மகள் கல்யாணத்தின்போதாவது நம் படுக்கையறைக்கு ஒன்று கேட்டேன். கார்டில் அப்போதைக்குக் கண்ணில் பட்ட ஒன்றுக்குப் பேனாவால் வட்டம்கூடப் போட்டுக் கொடுத்தேன். வேலை முடிந்து வந்து பார்த்தால் சுவர் முழுக்கக் கத்தரிக்காய் நிறம். "ஹோட்டல்காரன் திருப்பிட்டான், நல்ல சரக்கு" என்றீர்கள். சொந்தக்காரர்கள் இருந்தார்கள், அதனால் சிரித்தேன். அடுத்த மாதம் கிளைக்கு ஆள் கேட்டபோது முதலில் கை தூக்கியவள் நான்தான். மறுக்க முடியவில்லை என்று உங்களிடம் சொன்னது பொய்.

மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாடி அறையிலிருந்து

ஜூன் 20

மகாராணிக்கு,

படித்தேன். கடையை மூடிவிட்டு இன்னொரு முறையும் படித்தேன்.

கலந்த பெயிண்டை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஒருத்தருக்கென்று கலந்தது இன்னொருத்தருக்கு ஆகாது. வயிறு எரியும். சரி, அதை விடு. கத்தரிக்காய் விஷயத்தில் நான் செய்தது தப்பு. நீ வட்டம் போட்ட கார்டு இன்னும் மேஜை டிராயரில் இருக்கிறது. இன்றைக்குத்தான் எடுத்துப் பார்த்தேன்.

இப்போது கடைக்காரனாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். கடை டியூப்லைட்டுக்குக் கீழே நின்று நிறம் எடுக்காதே, அது எல்லாவற்றையும் அழகாகக் காட்டிவிடும். சின்ன டப்பாவில் வாங்கித் தடித்த அட்டையில் இரண்டு கை அடி, ஒன்று காய்ந்ததும் இன்னொன்று. அதைச் சுவருக்குச் சுவர் மாற்றி வை. காலையில் பார், விளக்கைப் போட்டும் பார். சலித்துப்போனால் அதைத் தூக்கிப் போடு. எது பிடிக்கும் என்றே தெரியவில்லையா? கார்டைப் பார்க்காதே, உன் சாமான்களைப் பார். யாரும் வாங்கித் தராமல், விலை பார்க்காமல், நீயாகக் கைநீட்டி எடுத்தவற்றை மட்டும் கட்டிலில் பரப்பு. ஒரே நிறம் திரும்பத் திரும்ப வரும். அதுதான் உன்னுடையது. குழம்பி நிற்கிற வாடிக்கையாளர்களிடம் இதைத்தான் சொல்வேன், ஒருத்தரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

கண்டுபிடித்ததும் எனக்கு எழுது. கத்தரிக்காயைச் சுரண்டிவிட்டு உன் நிறத்தை அடித்து வைக்கிறேன். வீட்டில் சத்தமே இல்லை. டிவியை ஓடவிட்டுவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்

ஜூலை 9

என்னங்க,

வாடிக்கையாளர்களிடம் இவ்வளவு நன்றாகப் பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானும் ஒரு வாடிக்கையாளராக வந்து நின்றிருப்பேன்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்தேன். குடை நீங்கள் வாங்கியது, தள்ளிவைத்தேன். செருப்பு, கைப்பை எல்லாம் மகள் வாங்கியது. உடுப்பில் பாதி, தள்ளுபடியில் கிடைத்தது. கடைசியில் மிஞ்சியது கொஞ்சம்தான்: முதல் சம்பளத்தில் வாங்கிய குவளை, ஒரு துண்டு, சீப்பு, போர்வை. நான்கும் ஒரே நிறம்! மங்கிய மஞ்சள். எலுமிச்சைத் தோல் காய்ந்தால் வருமே, அது. இத்தனை வருஷம் அந்தக் குவளையில்தான் டீ குடித்தேன், ஒரு நாளும் கவனித்ததில்லை.

பிறகு அட்டைகள். ஒரு மஞ்சள் பள்ளிக்கூட வண்டி மாதிரி கத்தியது. இன்னொன்று பகலில் லட்சணமாக இருந்தது, விளக்கைப் போட்டால் காமாலை. பத்து நாள் அட்டைகளோடு மாரடித்தேன். வேலைக்குப் போகும்போது ஒன்றை வாசலைப் பார்க்கத் திருப்பி வைப்பேன், வந்து பார்க்கும்போது அது பிடிக்கிறதா என்று. கொஞ்சம் சாம்பல் கலந்த ஒன்று மட்டும் எந்த வேளையிலும் முகத்தைச் சுளிக்கவைக்கவில்லை. நானே அடித்தேன். தலையெல்லாம் மஞ்சள். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, லைட்டே போடாம வெளிச்சமா இருக்கு?" என்றார். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தியது நகர்த்தியபடியே கிடக்க, தரையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டேன். சந்தோஷமாக இருந்தது. இந்த வயதில் ஒரு சுவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்று எழுத வெட்கமாகவும் இருக்கிறது.

அந்த அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். நம் படுக்கையறைக்கு இதை அடியுங்கள். இதையேதான். கிட்டத்தட்ட வேண்டாம். அடித்து முடித்ததும் எழுதுங்கள், பெட்டியோடு வருகிறேன். கிளையில் சொல்லிக்கொள்ள ஒரு வாரம் போதும். வேறெதுவும் நான் கேட்கவில்லை. அட்டை பத்திரம், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

உங்கள்,
மகாராணி

ஜூலை 28

என் மகாராணிக்கு,

அடித்தாயிற்று! உடனே புறப்பட்டு வா.

ஆளை வைத்து அடிக்கவில்லை, தெரியுமா? நானே அடித்தேன். கடையை மூன்று நாள் மதியத்தோடு மூடினேன். அலமாரியை ஒற்றை ஆளாக நகர்த்தினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. கத்தரிக்காய் லேசில் விடவில்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை காய்த்துவிட்டது. சுவர்ப் பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு கை. மேல் விளிம்பில் ஒரு பிசிறு கிடையாது. மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது நம்ம வீடா?" என்றாள். பழைய ஜன்னல் திரையையும் கழற்றிப் போட்டுவிட்டேன், நீ வந்து உனக்குப் பிடித்ததை எடு. அறைக்குள் நுழைந்தால் எனக்கே என்னவோ செய்கிறது. நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இதை நேரில் சொல்ல மாட்டேன், கடிதத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

எந்த வண்டியில் வருகிறாய் என்று மட்டும் எழுது. ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.

(பின்பக்கமும் பார்.)

ஒரு வேடிக்கை சொல்ல விட்டுப்போனது. உன் அட்டையை நிறம் கலக்கும் மெஷினில் காட்டிக் கலவைக் கணக்கை எடுத்து, அடுத்த நாள் கலக்கலாம் என்று வைத்திருந்தேன். அந்த அடுத்த நாள் காலையிலேயே பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் மூன்று டப்பாவைக் கொண்டுவந்து இறக்கினார். "நாங்க கேட்ட மஞ்சள் இது இல்லையே, சிவப்பு தட்டுது" என்றார். நம் கடைப் பையன் கலக்கும்போது ஒரு சொட்டு சிவப்பு கூடிவிட்டது. நான் மறுபேச்சில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டு, புதிதாகக் கலந்து கொடுத்தேன். அவர் போன பிறகு டப்பாவைத் திறந்து உன் அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய உன் நிறம்! அந்த ஒரு சொட்டுதான் வித்தியாசம். உனக்கென்றே வந்து சேர்ந்த மாதிரி இல்லை? நம் அறைக்குச் சரியாகப் போதுமான அளவு வேறு.

அதைத்தான் அடித்தேன். உன் அட்டையின் பின்பக்கத்தில் கொஞ்சம் தடவி அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்

ஆகஸ்ட் 6

பெயிண்ட் கடை முதலாளிக்கு,

உங்கள் கடிதத்தின் முன்பக்கத்தைப் படித்ததும் பெட்டியைக் கீழே இறக்கினேன். குவளையைத் துண்டில் சுற்றி உள்ளே வைத்தேன். படி இறங்கிப்போய் வீட்டுக்காரம்மாவிடம், மாதக் கடைசியில் காலி செய்கிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். "அதுக்குள்ளயா? அவ்வளவு ஆசையா அடிச்சீங்களே!" என்றார். "அங்கேயும் அதே நிறம் அடிச்சிருக்காரு" என்று பெருமையடித்துக்கொண்டேன். மேலே வந்த பிறகுதான் தாளைத் திருப்பினேன்.

அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியவில்லை. அதனால் அதைக் கத்தரியால் இரண்டாக வெட்டி, ஒன்றைத் திருப்பிப்போட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெட்டாமலே தெரிந்திருக்கும். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்கு மறந்துவிட்டது. வாயில் இருக்கிற மற்றப் பற்களோடு நிறச் சாயல் ஒட்டாத ஒரு பல்லை நான் வைத்து அனுப்பினால், அந்த மனுஷர் அப்புறம் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார். இருபத்தாறு வருஷம் நான் அந்த வீட்டில் அப்படித்தான் சிரித்தேன்.

மூன்று நாள் கடையை மூடினீர்கள், இடுப்பு பிடித்துக்கொண்டது, கை காய்த்தது. எல்லாவற்றையும் நம்புகிறேன். அதனால்தான் ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனையும் செய்தவருக்குக் கணக்கு கையில் இருக்கும்போது மெஷினில் ஒரு பொத்தானை அழுத்தத் தோன்றவில்லை. உங்களைக் கஞ்சர் என்று மகள் சொல்லுவாள். கஞ்சத்தனம் இல்லை அது. ஹெட்மாஸ்டருக்கு உடனே புதிதாகக் கலந்து கொடுத்தீர்களே! அவர் திருப்பித் தந்துவிடுவார் என்று உங்களுக்குத் தெரியும். நான் திருப்பித் தர மாட்டேன் என்பதும் தெரியும். அந்த ஒரு சொட்டு அவருக்குக் கூடாது, எனக்குப் போதும்.

மேலே இன்னொரு கை அடிக்கிறேன், அடுத்த தடவை சரியாகக் கலக்கிறேன் என்று எழுத வேண்டாம். அந்தப் பாட்டைக் கேட்க இனிமேல் எனக்குக் காது இல்லை. மகளுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மாத்திரைச் சீட்டு சமையலறை அலமாரியில் இடதுபக்கம் இருக்கிறது. வீட்டுக்காரம்மாவிடம் காலி செய்யவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அட்டையில் உங்கள் நிறம் தெரியத் திருப்பிப்போட்ட பாதியையும், உங்கள் வீட்டுச் சாவியையும் இதோடு வைத்திருக்கிறேன். உங்களிடமிருந்து வந்த எதையும் இதுவரை நான் திருப்பித் தந்ததில்லை. இப்போது தருகிறேன். ஹெட்மாஸ்டரிடம் எடுத்துக்கொண்டீர்களே, அதே மாதிரி மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாடி அறையிலிருந்து